செய்தியோடையும் சந்தாப் பெட்டியும்: புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கோயில் தேவஸ்தானம், இலக்கியக் கழகம், முன்னாள் மாணவர் சங்கம் என்று பலவற்றுக்கும் இன்று சொந்தமாக ஓர் அகப்பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற, அகப்பக்கம் கட்டும் மென்பொருளில் செய்தது. பக்கத்தின் ஓரத்தில் 'சந்தா சேருங்கள்' என்று ஒரு பெட்டி. பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில், அலை பரவுவதுபோல் ஒரு சின்னம். அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று பொறுப்பாளர்களையே கேட்டுப் பாருங்கள். மின்னஞ்சல் வரும் என்பார் ஒருவர். கைப்பேசியில் மணி அடிக்கும் என்பார் இன்னொருவர். "டிசைனோடு வந்தது, எடுத்தால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று விட்டுவைத்திருக்கிறோம்" என்ற பதிலும் வரும்.

சந்தா என்ற ஒரே பெயரில் வெவ்வேறு மூன்று ஏற்பாடுகள் புழங்குவதால்தான் இந்தக் குழப்பம். அவற்றில் மிக எளியதும், வாசகரிடம் எதையுமே கேட்காததும் செய்தியோடை. அந்த ஆரஞ்சுச் சின்னம் இதனுடையதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், அதற்கான சந்தாப் பெட்டியை எப்படி அமைப்பது என்பது பாதி தெளிந்துவிடும். அகப்பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு வேலையைச் சேர்க்கும் துணை நிரலைப் பிளகின் என்கிறோம். அப்படியொரு பிளகினை முதன்முதலாக எழுத உட்காருபவர்களையும், ஆயத்தமாகக் கிடைக்கும் பிளகினை நிறுவிவிட்டு விழிக்கும் சங்கத் தொண்டர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பலகையும் பேரனும்

ஒரு கோயில் வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பத்து அறிவிப்புகள் மட்டும் அதில் ஒட்டப்பட்டிருக்கும். புதிதாக ஒன்று வந்தால் மேலே ஒட்டுவார்கள். அடியில் இருக்கும் பழையதைக் கிழித்துவிடுவார்கள். கோயில் தீவில் இருக்கிறது. பாட்டி இருப்பதோ பட்டர்வொர்த்தில். அவரால் தினமும் ஃபெரி ஏறி வந்து பார்க்க முடியாது. தீவுக்கு வேலைக்குப் போய்வரும் பேரன், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பலகையை எட்டிப் பார்த்து, முன்பு பார்க்காத அறிவிப்பு இருந்தால் மட்டும் பாட்டியிடம் வந்து சொல்கிறான்.

இதில் கோயில் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. பாட்டியின் பெயரோ தொலைபேசி எண்ணோ கோயிலுக்குத் தெரியாது. அப்படி ஒரு பாட்டி இருப்பதே தெரியாது. பாட்டிக்குச் சலித்துப்போனால் பேரனிடம் "இனி பார்க்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். கோயில் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை வெட்டச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பலகைதான் செய்தியோடை. தளத்தின் அண்மைய பதிவுகளை, கணினி படிக்கிற ஒழுங்கில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கோப்பு. பேரனின் வேலையைச் செய்வது ஓடை வாசிப்பான்: நாம் கொடுக்கும் ஓடை முகவரிகளை எல்லாம் அவ்வப்போது போய்ப் பார்த்து, புதியதை மட்டும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் செயலி. ஃபீட்லி, இனோரீடர் போன்றவை இந்த வகை.

ஆக, செய்தியோடையில் தளம் வாசகரைத் தேடிப் போவதில்லை. வாசகரின் செயலிதான் தளத்தைத் தேடி வருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வரும்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

ஓடைக் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் சில கட்டங்கள் உண்டு: தலைப்பு, முழுப் பதிவின் முகவரி, சுருக்கம் அல்லது முழு உரை, வெளியான நேரம், அடையாளக் குறி. முதல் மூன்றும் சொல்லாமலே புரியும். கடைசி இரண்டில்தான் பிளகின் எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள்.

அடையாளக் குறி என்பது ஒரு பதிவுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு, பிறகு எப்போதும் மாற்றக்கூடாத ஒரு முத்திரை. 'இதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்' என்று வாசிப்பான் முடிவு செய்வது இதை வைத்துத்தான். தைப்பூச நிகழ்ச்சி நிரலை வெளியிட்டுவிட்டு, ரதம் புறப்படும் நேரத்தை மூன்று முறை திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் உங்கள் பிளகின் புதுக் குறி போட்டால், வாசகருக்கு அதே அறிவிப்பு நான்கு முறை புதிதாக வந்து நிற்கும். எது சரியான நேரம் என்று அவர் யாரைப் போய்க் கேட்பார்? தலைப்பிலிருந்து குறியை உருவாக்காதீர்கள். பதிவு எண்ணிலிருந்து உருவாக்குங்கள். தலைப்பு மாறும், எண் மாறாது.

நேரத்தோடு நேர மண்டலத்தையும் எழுத வேண்டும். மலேசிய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியது. காலை 6:30 என்று மட்டும் எழுதி, கூட்டல் எட்டு என்ற குறிப்பை விட்டுவிட்டால், சில வாசிப்பான்கள் அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டு, பினாங்கில் இருப்பவருக்குப் பிற்பகல் 2:30 என்று காட்டும். காலைப் பூசை மாறிய செய்தி, மதியம் வந்த செய்தியாகத் தெரியும்.

இன்னொன்று, எத்தனை பதிவுகள் என்பது. வேர்ட்பிரஸ் இயல்பாகக் கடைசிப் பத்துப் பதிவுகளைத்தான் ஓடையில் வைக்கிறது. சாதாரண நாட்களுக்கு அது போதும். திருவிழாவுக்கு முந்தைய நாள் இருபத்தைந்து அறிவிப்புகள் போட்டால், நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் வாசிப்பானுக்குப் பதினைந்து அறிவிப்புகள் கண்ணிலேயே படாது. பலகையிலிருந்து கிழித்தாயிற்று. உங்கள் தளத்தின் மிகப் பரபரப்பான நாளை வைத்து அந்த எண்ணைக் கூட்டி வையுங்கள்.

இந்தச் சின்னத்தை ஏன் யாரும் அழுத்துவதில்லை

செய்தியோடை 1999 மார்ச்சில், நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் பல தளங்களின் தலைப்புகளைத் திரட்டிக் காட்டுவதற்காகச் செய்தது. ஆர்எஸ்எஸ் என்பது அந்தக் கோப்பு வடிவத்தின் பெயர். அதன் இன்றைய புழக்க வடிவமான ஆர்எஸ்எஸ் 2.0, 2002இல் வந்தது. அதே வேலையை இன்னும் கறாரான விதிகளோடு செய்யும் ஆட்டம் என்ற வடிவம் 2005 டிசம்பரில் தரமாக்கப்பட்டது. இரண்டில் எது என்று வாசகர் கவலைப்பட வேண்டியதே இல்லை, வாசிப்பான்கள் இரண்டையும் படிக்கும். இதனால்தான் 'ஆர்எஸ்எஸ் வேண்டுமா, ஆட்டம் வேண்டுமா' என்று வாசகரிடம் கேட்கும் பெட்டிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சமையலறைக்குள் முடிக்க வேண்டிய விஷயத்தைப் பந்தியில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

தமிழர்களுக்கு இது அந்நியமான தொழில்நுட்பமும் அல்ல. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைச் சேர்த்துத்தான் ஓடியது. அந்தக் காலத்தில் வலைப்பதிவு எழுதிய பலரும் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்தியவர்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? அதிகம் பேர் பயன்படுத்திய ஓடை வாசிப்பானான கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2018 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் உலாவியும் தனக்குள் இருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து 'ஆர்எஸ்எஸ் செத்துப்போச்சு' என்ற பேச்சு நிற்கவில்லை. அது சரியல்ல. பாட்காஸ்ட் என்கிற ஒலித்தொடர்கள் இன்றும் செய்தியோடை வழியாகத்தான் செயலிகளுக்குப் போகின்றன. ஒலிக்கோப்பின் முகவரிக்கென்று ஓடையில் ஒரு கட்டம் உண்டு, அவ்வளவுதான். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை இருக்கிறது.

போனது ஓடை அல்ல, உலாவிக்குள் இருந்த வாசல். முன்பெல்லாம் ஆரஞ்சுச் சின்னத்தை அழுத்தினால் உலாவியே 'சேர்த்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டது. இப்போது குரோமில் அழுத்தினால் திரை முழுக்கக் குறியீட்டுக் குவியல் வந்து நிற்கிறது. தெரியாதவர்கள் தளம் பழுதாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். உலாவி செய்துவந்த அந்த அறிமுக வேலையை இன்று நம் சந்தாப் பெட்டிதான் செய்ய வேண்டும்.

ஒரே பொத்தானில் மூன்று ஏற்பாடுகள்

ஓடையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் மற்ற இரண்டையும் இங்கேயே பிரித்து வைத்துவிடலாம்.

மின்னஞ்சல் சந்தாவில் வாசகர் தன் முகவரியைத் தருகிறார். தளம் ஒரு பட்டியல் வைத்து அனுப்புகிறது. பட்டியல் வைத்தாலே பொறுப்பும் வந்துவிடும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வணிகத் தொடர்பில் ஒருவரின் விவரங்களை வாங்கினால் எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லியாக வேண்டும், அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். வணிகமே செய்யாத சங்கமாக இருந்தாலும், உறுப்பினர்களின் முகவரியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது குறைந்தபட்ச மரியாதை.

உலாவி அறிவிப்பு என்பது மூன்றாவது. 'இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா' என்று மேலே ஒரு கேள்வி எழும்புமே, அது. வாசகர் ஒருமுறை தடுத்துவிட்டால் தளத்தால் மறுபடி கேட்க முடியாது. உலாவி அமைப்புகளுக்குள் அவரே போய் மாற்ற வேண்டும். பக்கம் திறந்த மறு நொடியே இதைக் கேட்பதைப்போல் வீணான காரியம் வேறில்லை. ஐபோனில் இன்னொரு கட்டுப்பாடு: 2023இல் வந்த 16.4 பதிப்பிலிருந்துதான் இது வேலை செய்கிறது, அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்த பிறகுதான். சேர்க்காதவர் அந்தப் பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

நம்மூரில் இந்த மூன்றையும்விட வாட்சாப் குழுதான் முந்தி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் குழுவில் சேர்ந்தவரின் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்ட அறிவிப்பு மூழ்கிப்போகும். தன் எண்ணைத் தர விரும்பாத ஒருவருக்கும் சங்கச் செய்தி கிடைக்க வேண்டுமே. அவருக்கு இன்று இருக்கும் நல்ல வழி ஓடைதான்.

சுருக்கமாக: மின்னஞ்சலிலும் உலாவி அறிவிப்பிலும் தளம் அனுப்புகிறது, தளத்திடம் பட்டியல் இருக்கிறது. ஓடையில் வாசகர் எடுத்துக்கொள்கிறார், பட்டியல் கிடையாது. பெட்டியில் மூன்றும் இருக்கலாம். ஆனால் தனித்தனிப் பெயரோடு இருக்க வேண்டும்.

பெட்டியை அமைப்பது

பொத்தானில் இருக்கும் சொல்லே நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும். 'சந்தா' என்று மட்டும் போட்டால் பணம் கட்ட வேண்டுமோ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 'மின்னஞ்சலில் பெறுக', 'செய்தியோடை முகவரி' என்று பிரித்துப் போடுங்கள். ஓடைப் பொத்தானை அழுத்தினால் அந்தக் குறியீட்டுக் குவியலுக்கு அனுப்பாமல், அங்கேயே ஒரு சின்னப் பலகம் விரியட்டும். அதில் முதலில் ஒரே ஒரு வாக்கியம்: 'இந்த முகவரியை உங்கள் ஓடை வாசிப்பானில் சேர்த்தால் எங்கள் புதிய பதிவுகள் அங்கே வரும், உங்கள் பெயரோ மின்னஞ்சலோ எங்களுக்குத் தேவையில்லை.' அடுத்து ஓடை முகவரி, அதன் பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தான். நகல் எடுத்ததும் 'நகலெடுத்தாயிற்று' என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் நடந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி மறுபடி தட்டுவார்கள். கீழே இரண்டு மூன்று வாசிப்பான்களுக்கு நேர் இணைப்பு கொடுத்தால் போதும். இருபது சின்னங்களை வரிசையாக அடுக்கினால், புதியவர் எதை எடுப்பது என்று தெரியாமல் எதையுமே எடுக்க மாட்டார்.

பலகத்தில் நான் கட்டாயம் வேண்டும் என்று நினைப்பது முன்னோட்டம். கடைசி மூன்று பதிவுகளின் தலைப்பும் தேதியும், அவ்வளவுதான். 'வாரம் ஒருமுறை செய்தி தருவோம்' என்று எழுதிவைப்பதைவிட, கடைசி மூன்று தேதிகளைப் பார்த்தாலே எவ்வளவு அடிக்கடி வரும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். எட்டு மாதமாக எதுவும் வரவில்லை என்றால் அதுவும் தெரியும். தெரியட்டும். வாக்குறுதியைவிடத் தேதி நேர்மையானது.

சங்க அகப்பக்கங்கள் பலவற்றில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் பதிவுகள் வரும். எல்லாவற்றையும் ஒரே ஓடையில் விட்டால் ஒரே செய்தி மூன்று முறை வந்து நிற்கும். மொழிக்கு ஓர் ஓடை என்று பிரித்து, எந்த மொழி வேண்டும் என்று பலகத்தில் கேளுங்கள். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பதிவு வகைக்கும் தனி ஓடை தானாகவே இருக்கிறது. ஆகவே 'எல்லாம்', 'நிகழ்ச்சிகள் மட்டும்', 'தேவார வகுப்பு மட்டும்' என்று கொடுப்பதும் சிரமமில்லை. ஆனால் மூன்று நான்கைத் தாண்ட வேண்டாம். இன்னொரு விஷயம்: வேர்ட்பிரஸ் பின்னூட்டங்களுக்கும் தனி ஓடை வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால், செய்தி கேட்டவருக்குப் பின்னூட்டங்கள் போய்ச்சேரும்.

பெட்டி கண்ணுக்குத் தெரியும் பகுதி. தெரியாத பகுதியும் ஒன்று உண்டு. பக்கத்தின் தலைப்பகுதிக் குறியீட்டில் 'இந்தத் தளத்தின் ஓடை இங்கே இருக்கிறது' என்று ஒரு வரி எழுதி வைப்பதற்குத் தானறிதல் என்று சொல்லலாம். அந்த வரி இருந்தால், வாசகர் முகப்பு முகவரியை மட்டும் வாசிப்பானில் ஒட்டினாலே அது ஓடையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன பலகத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும், இந்த ஒரு வரி விட்டுப்போனால் பாதி வாசகர்களுக்கு வழி அடைபடும்.

பொத்தானின் அளவையும் கவனியுங்கள். இணைய அணுகல் வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் (திரைப் புள்ளி) இருக்க வேண்டும் என்கிறது. கோயில் தளத்துக்கு வருபவர்களில் வயதானவர்கள் நிறைய பேர். அவர்கள் விரலுக்கு அதுவும் சிறியது, தாராளமாகப் பெரிதாக்குங்கள். ஆரஞ்சுச் சின்னம் மட்டும் இருந்து எழுத்து இல்லாவிட்டால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

தமிழ் எழுத்தை நறுக்கும்போது

ஓடையில் முழுப் பதிவையும் தருவதா, சுருக்கம் மட்டுமா? என் பரிந்துரை முழுப் பதிவு. சங்க அறிவிப்புக்கு விளம்பர வருமானம் எதுவும் இல்லை. செய்தி போய்ச்சேர்ந்தால் போதும். ஆனாலும் பெட்டியின் முன்னோட்டத்தில் சுருக்கம் காட்டத்தான் வேண்டியிருக்கும். அங்கேதான் தமிழ் அடிபடுகிறது.

'பினாங்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: பி, னா, ங், கு. கணினிக்கு அது எட்டுத் துண்டு. ஏனென்றால் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோட் முறையில் 'ப' ஒரு துண்டு, அதன் இகரக் குறி இன்னொரு துண்டு. 'ங' ஒன்று, அதன் மேல் புள்ளி இன்னொன்று. சேமிக்கும்போது ஒவ்வொரு துண்டும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு). மொத்தம் இருபத்து நான்கு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பிளகின், ஐந்தாவது துண்டோடு நறுக்கினால் 'பினாங' என்று நிற்கும், புள்ளி போய்விடும். மூன்றாவது துண்டோடு நறுக்கினால் 'பின'. பைட் கணக்கில் நறுக்கினால் இன்னும் மோசம்: துண்டின் நடுவிலேயே வெட்டு விழுந்து, கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்காரும்.

சொல் இடைவெளியில் மட்டும் நறுக்குங்கள். வேர்ட்பிரஸின் சொந்தச் சுருக்கம் இயல்பாக 55 சொற்கள் என்று கணக்கிட்டுத்தான் வெட்டுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் முன்னோட்டத்துக்கு அதில் பாதி போதும்.

விலகுவதும் வீடு மாறுவதும்

ஓடையிலிருந்து விலக வாசகர் தன் வாசிப்பானில் நீக்கிக்கொள்வார். தளத்துக்கு வேலையே இல்லை. மின்னஞ்சலுக்குத்தான் விலகல் இணைப்பு ஒவ்வொரு மடலிலும் வேண்டும்.

தளத்தின் சுமையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள்: நூறு வாசிப்பான்கள் மணிக்கொருமுறை வந்தால் தாங்குமா? தாங்கும். கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு ஏதாவது மாறியதா என்று வாசிப்பான் முதலில் கேட்கும். மாறவில்லை என்றால் தளம் 304 என்ற மூன்று இலக்கப் பதிலை மட்டும் தந்து, கோப்பை அனுப்பாமலே முடித்துவிடும். உங்கள் பிளகின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தளம் முகவரி மாறும்போதுதான். நிர்வாகக் குழு மாறும், புதிய செயலாளர் புது டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்குவார், அகப்பக்கம் புதுப்பொலிவோடு வரும். பழைய ஓடை முகவரி அன்றோடு செத்துவிடும். மின்னஞ்சல் பட்டியல் இருந்தால் 'முகவரி மாறிவிட்டது' என்று ஒரு மடல் போடலாம். ஓடையில் பட்டியல் இல்லை. வாசகர்கள் யார் என்றே தெரியாது. அவர்களுக்கோ எதுவும் வராது, சங்கம் சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பெயர் கேட்காத வசதிக்கு மறுபக்கம் இது.

தீர்வு இருக்கிறது. பழைய ஓடை முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டுக்கு 301 என்று பெயர். அந்தப் பதிலைப் பார்த்ததும் பல வாசிப்பான்கள் தம் குறிப்பேட்டிலேயே புது முகவரியை எழுதிக்கொள்ளும். அதற்குப் பழைய டொமைன் கொஞ்ச காலம் உயிரோடு இருக்க வேண்டும். புது டொமைன் வாங்கிய கையோடு பழையதைக் கைவிடாமல் குறைந்தது ஓராண்டுக்காவது புதுப்பித்து வையுங்கள். குழுக் கூட்டத்தில் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றி முடித்ததும் ஒரு வாசிப்பானைத் திறந்து, பழைய ஓடை முகவரியை ஒட்டிப் பாருங்கள். பிறகு புதுத் தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் ஒட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பதிவுகள், சரியான மலேசிய நேரத்தோடு, புள்ளியும் கொம்பும் உடையாமல் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் தானறிதல் வரியையும் திருப்பிவிடலையும் முதலில் சோதியுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.